சம்பளத்துக்குள் ஒரு சங்கீத சீசன்

போன மார்கழியில் சென்னையில் 22 கர்நாடக சங்கீதக் கச்சேரிகள் கேட்டேன். டிக்கெட்டுக்காக நான் கொடுத்தது 300 ரூபாய், அதுவும் ஒரே ஒரு மாலைக்கு. ரயில், காபி, டிபன் எல்லாவற்றையும் சேர்த்து நோட்டில் எழுதி வைத்திருக்கும் கூட்டுத்தொகை 1,085 ரூபாய். அயனாவரத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. சம்பளம் 14,000. வாடகையும் மகனின் கல்லூரிக் கட்டணமும் போக, டிசம்பர் மாதத்தில் பாட்டுக்கென்று ஆயிரம் ரூபாயை எடுத்து வைக்க முடிகிறது. ஏறக்குறைய அது போதும் என்று புரிய எனக்கு ஏழு வருடங்கள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் இருந்தார். விடியற்காலையில் வானொலியில் நாகஸ்வரம் வந்தால் வீட்டில் யாரும் பேசக்கூடாது. அவர் ஒருநாள்கூட கச்சேரி நடக்கும் சபாவுக்குள் போனதில்லை. "அதெல்லாம் பெரிய மனிதர்கள் போகிற இடம்" என்பார். நானும் அப்படியே நம்பினேன். முதல் வருடம் ஒரு சபாவின் வாசலில் அரைமணி நேரம் நின்று, உள்ளே போகிறவர்களின் பட்டுப்புடவைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பப் புறப்பட்டேன். வாயிற்காவலர் கூப்பிட்டார். "உள்ளே போங்கள் அம்மா, மத்தியானத்தில் டிக்கெட் கிடையாது" என்றார். யார் பாடுகிறார், எத்தனை மணி வரை என்பதெல்லாம் தெரியாமலே உள்ளே போய் உட்கார்ந்தேன். அன்று கேட்டது கல்யாணி ராகம் என்பது பக்கத்தில் இருந்த பெரியவர் சொல்லித்தான் தெரியும்.

அந்தக் காவலர் சொன்ன விஷயம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சென்னை சபாக்கள் பெரும்பாலானவற்றில் டிசம்பர் மாதத்தில் நாள் முழுக்கக் கச்சேரி நடக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல் வருகிறவர்கள் புகழ்பெற்ற கலைஞர்கள், அதற்குத்தான் டிக்கெட். பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் நடப்பவை இளைஞர்களின் கச்சேரிகள். பல சபாக்களில் இவற்றுக்கு அனுமதி இலவசம். அழைப்பிதழோ உறுப்பினர் அட்டையோ தேவையில்லை. செருப்பு, பேச்சு, கைப்பேசி ஒலி, இந்த மூன்றிலும் கவனமாக இருந்தால் உங்களை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

மத்தியானக் கச்சேரியை மட்டமாக நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இன்று மாலையில் அரங்கம் நிரம்பப் பாடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஒருகாலத்தில் இதே பன்னிரண்டு மணி மேடையில் இருபது பேருக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்தாம். இந்த ஒன்றரை மணி நேரத்துக்காக அந்தப் பிள்ளைகள் ஆறு மாதம் சாதகம், அதாவது பாட்டுப் பயிற்சி, செய்துவிட்டு வருகிறார்கள். வர்ணம் என்ற தொடக்கப் பாட்டு, நடுவே சின்னக் கீர்த்தனைகள், பிறகு ராக ஆலாபனை (சொல்லில்லாமல் ராகத்தை விரிப்பது), நிரவல் (ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடுவது), கற்பனை ஸ்வரம் (ஸ ரி க ம என்று அந்த இடத்திலேயே கோத்துப் பாடுவது) ஆகியவற்றோடு ஒரு பெரிய உருப்படி (பாட்டு), தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி), கடைசியில் துக்கடாக்கள் (சின்னப் பாட்டுகள்) என்று பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்திய கச்சேரி முறை முழுவதும் அதில் இருக்கும், கொஞ்சம் சுருக்கமாக. மாலைக் கச்சேரியில் முப்பதாவது வரிசையில் கிடைக்கும் இடத்துக்குப் பதிலாக இங்கே ஏழாவது வரிசை கிடைக்கும். பாடகரின் கழுத்து நரம்பு புடைப்பதும், வயலின்காரர் ஒரு பிடியை (ராகத்தின் சின்னத் துணுக்கை) திருப்பி வாசித்ததும் பாடகர் தலையசைப்பதும் கண்ணுக்குத் தெரியும்.

வரிசை பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு சபாவில் முதல்முறை போனபோது இரண்டாம் வரிசை காலியாக இருந்ததால் அங்கே போய் உட்கார்ந்தேன். வர்ணம் பாதி ஓடியிருக்கும். தொண்டர் ஒருவர் வந்து எல்லோர் முன்னிலையிலும் எழுப்பிவிட்டார். நன்கொடையாளர்களுக்கான இடமாம். அன்று முழுக்க யாரும் அங்கே வந்து உட்காரவில்லை. அந்த அவமானத்தில் இரண்டு வாரம் எந்த சபாவுக்கும் போகாமல் இருந்தேன். இழந்தது நான்தான். இலவசக் கச்சேரியாக இருந்தாலும் முன்வரிசைகள் ஒதுக்கப்பட்டிருக்கலாம். ஐந்தாவது வரிசைக்குப் பின்னால், அரங்கின் நடுப்பகுதியில் உட்காருங்கள். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம். பல அரங்குகளில் மைக்கின் சத்தம் அளவுக்கு மீறி இருக்கிறது.

எங்கே போகலாம் என்பதற்கு என் வழி, ஒரு நாளுக்கு ஒரு பேட்டை. காலையில் ஓரிடம், மாலையில் இன்னொரு மூலை என்று அலைந்தால் நேரமும் ஆட்டோக் காசும் போய்விடும். மயிலாப்பூரை எடுத்துக்கொண்டால் கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா, லஸ் பக்கம் ராகசுதா அரங்கம், கொஞ்சம் தள்ளி மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் என்று எல்லாம் நடக்கிற தூரம். பவனில் நான் போன மாலைகளில்கூட டிக்கெட் கேட்டதில்லை. ஆகவே கூட்டம் சீக்கிரம் சேர்ந்துவிடும்; முந்தைய கச்சேரியிலேயே போய் உட்கார்ந்துவிட வேண்டும். டி.டி.கே. சாலைப் பக்கம் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரு நாளுக்கு. தியாகராய நகரில் வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும் இன்னொரு நாளுக்கு. எந்த அரங்கில் யார், எப்போது என்பது மயிலாப்பூர் டைம்ஸ் போன்ற இலவச வார இதழ்களில் வரும். சபாக்களின் வாசலில் அச்சடித்த நிகழ்ச்சி நிரலும் கிடைக்கும். டிசம்பர் முதல் வாரத்திலேயே ஒரு சுற்றுப் போய் அவற்றை வாங்கி வந்து, எனக்கு விடுப்பு கிடைக்கும் ஆறு நாட்களுக்கும் பென்சிலால் திட்டம் போட்டுவிடுவேன்.

அகாடமி என்றால் பலருக்கும் மலைப்பு. 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்து, 1928ல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. இந்த டிசம்பர் சீசன் என்பதே அங்கிருந்து வளர்ந்ததுதான். அங்கே சீசன் நாட்களில் காலை எட்டு மணியளவில் தொடங்கும் விளக்கவுரைகளுக்கு அனுமதி இலவசம் என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தெரிவதே இல்லை. ஒரு ராகம் எப்படி மாறி வந்தது, ஒரு பழைய பாடாந்தரம் (குருவிடமிருந்து பாடம் வந்த வழி) எப்படி இருந்தது என்று பெரிய வித்வான்கள் பாடிக் காட்டிப் பேசுவார்கள். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் பாடிக் காட்டும் இடங்களுக்கு மொழி எதற்கு? அங்கேதான் ஒரே ராகத்தின் இரண்டு சாயல்களை அடுத்தடுத்துக் கேட்டு, வித்தியாசத்தை முதல்முறையாக என் காது பிடித்தது.

வடசென்னைக்காரர்கள் பாரிமுனையை மறக்க வேண்டாம். ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கம் தன் விழாவை அதே டிசம்பரில் நடத்துகிறது. மேடையில் தமிழ்ப் பாட்டு போதிய அளவு ஒலிக்கவில்லை என்ற ஆதங்கத்தில் 1943ல் உருவான சங்கம் அது. தெலுங்குக் கீர்த்தனையை நான் ஒலியாகத்தான் அனுபவிக்கிறேன். தேவாரமும் முத்துத்தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதி ஆகியோரின் தமிழ்ப் பாட்டுகளும் பாடப்படும்போது சொல்லும் சேர்ந்து நெஞ்சுக்குள் இறங்குகிறது. சங்கீதம் கேட்டுப் பழகாத ஒருவரை முதல் கச்சேரிக்கு அழைத்துப் போக வேண்டுமென்றால் நான் இங்கேதான் அழைத்துப் போவேன். என் மகனையும் இங்கேதான் முதலில் கூட்டிவந்தேன்.

போக்குவரத்து: பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. பெரம்பூரிலிருந்து மயிலாப்பூர் வழியாகப் பெசன்ட் நகர் போகும் 29சி எனக்குப் போதும். சொகுசுப் பேருந்து முதலில் வந்தால் அவசரப்பட்டு ஏறாமல் அடுத்ததற்குக் காத்திருக்கிறேன். மெட்ரோ வேலையால் லஸ் முனைப் பக்கம் பேருந்துகள் சுற்றிப் போகின்றன. அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு மலிவான வழி பறக்கும் ரயில். திருமயிலை நிலையத்தில் இறங்கினால் கபாலீசுவரர் கோயில் நடை தூரம். குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய். இரவில் நானும் ரயிலில்தான் திரும்புகிறேன். திருமயிலையிலிருந்து பூங்கா நகர் வரை வந்து, சாலையைக் கடந்து சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் பெரம்பூர் வண்டி பிடிப்பேன். மொத்தச் செலவு பத்து ரூபாயைத் தாண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே நிலையத்தில் பார்த்து எழுதிக்கொண்டு விடுங்கள். மங்களம் பாடும்வரை இருக்க முடியாமல் போனால், ஒரு உருப்படி முடிந்து கைதட்டல் எழும்போது எழுந்து வாருங்கள். பாட்டின் நடுவே எழுவது பாடுகிறவரின் கண்ணில் படும்.

சாப்பாட்டில்தான் பலருக்குக் கணக்கு உதைக்கிறது. சபா கேன்டீனின் வாசனை அப்படிப்பட்டது. கீரை வடை, அசோகா அல்வா, இலைச் சாப்பாடு என்று சாப்பாட்டுக்காகவே வருகிறவர்கள் உண்டு. தினமும் அங்கே சாப்பிட்டால் என் ஆயிரம் ரூபாய் நான்கு நாளில் தீர்ந்துவிடும். வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதமோ மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ கட்டிக்கொண்டு போகிறேன். இவை மாலை வரை கெடாது. அரங்குக்குள் சாப்பிடக்கூடாது, வெளியே மர நிழலில் இடம் இருக்கும். கட்டிக்கொண்டு போக முடியாத நாளில் வழியில் உள்ள அம்மா உணவகம் கைகொடுக்கும். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. பன்னிரண்டு மணிக் கச்சேரி முடிந்ததும் வேகமாக நடந்தால் அங்கே மதியச் சாப்பாட்டைப் பிடித்துவிடலாம். சீசனில் இரண்டு முறை மட்டும் கேன்டீனில் காபியும் ஒரு பலகாரமும் என்று வைத்திருக்கிறேன். வெயில் நாளென்றால் மயிலாப்பூர் மாட வீதியில் காளத்தி கடை ரோஸ் மில்க். இவற்றை நான் வீண்செலவு என்று நினைக்கவில்லை. அந்த மாதத்தின் சந்தோஷத்தில் இவையும் சேர்த்தி.

குளிர்சாதன அரங்குகளில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் எலும்பு வரை குளிரும். ஒரு பருத்திப் போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, காசு கொடுத்துக் கேட்கும் அந்த ஒரு கச்சேரி. அதை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பெரிய கலைஞர் ஒருவர் மூன்று மணி நேரம் எடுத்து விரித்துப் பாடும்போது ஏற்படுவது வேறு அனுபவம்; வருடத்துக்கு ஒன்றாவது அப்படிக் கேட்க வேண்டும். யாரைக் கேட்பது என்பதை அவசரமாக முடிவு செய்யாதீர்கள். நவம்பர் முழுக்க மூன்று நான்கு பேரின் பாட்டை வீட்டு வேலைக்கு நடுவே கைப்பேசியில் கேட்டுவிட்டு, எந்தக் குரல் மறுநாளும் மனதில் ஓடுகிறதோ அவரைத் தேர்ந்தெடுப்பேன். டிக்கெட்டை சபா கவுன்டரிலேயே நேரில் வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால் அதற்கென ஒரு கட்டணம் சேர்கிறது. மலிவான வகுப்பு மாடியில் இருந்தால் கவலைப்படாமல் எடுங்கள். மாடியின் முதல் வரிசையில் ஒலி நன்றாகவே இருக்கும், முழு மேடையும் தெரியும். வீணை, புல்லாங்குழல், நாகஸ்வரக் கச்சேரிகளுக்குக் கூட்டம் குறைவாக இருப்பதை நான் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். அது நியாயமில்லை. ஆனால் கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்கு அங்கே நல்ல இடம் எளிதாகக் கிடைக்கிறது. போன வருடம் என் 300 ரூபாய் ஒரு வீணைக் கச்சேரிக்குத்தான் போயிற்று. அன்று கேட்ட தோடி ராகத்தை இன்னும் என்னால் சொல்லி முடிக்க முடியவில்லை.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்குப் போகும். நீங்கள் போகாதீர்கள். மிருதங்கக்காரர் அதுவரை இரண்டு மணி நேரம் இன்னொருவரின் பாட்டைத் தாங்கியிருக்கிறார். அவருக்கென்று கிடைப்பது அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். அவர் பேச ஆரம்பிக்கும்போது முதுகைக் காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. மேலும், தாளக் கணக்குத் தெரியாதவர்களுக்கும் அதில் பிடிமானம் உண்டு. ஆதி தாளத்தைக் கையில் போடக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று எண்ணிக்கை, அப்புறம் தட்டி வீசுவது இரண்டு முறை; ஆக மொத்தம் எட்டு. சமையலறையில் ஒரு வாரம் பழகினால் வந்துவிடும். பிறகு தனியின்போது தொடைமேல் ஓசைப்படாமல் போட்டுக்கொண்டே இருங்கள். முதலில் தவறும், பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளலாம். மிருதங்கமும் கடமும் மாறிமாறிக் கேள்வி கேட்டு, வாசிக்கும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கோர்வையை (முடிவுக்கான தாளக் கோப்பை) மூன்று முறை வாசித்து, பாட்டு தொடங்கும் இடத்தில் கச்சிதமாக வந்து விழும்போது உங்கள் கையும் அங்கே போய் நின்றால்! எனக்கு அது நான்காவது வருடத்தில்தான் நடந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விரல்களைப் பார்க்க ஆசை உள்ளவர்கள் அரங்கின் இடப்பக்கம் உட்காரலாம். மிருதங்கக்காரர் வழக்கமாகப் பாடகரின் வலக்கைப் பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம் அமர்வார். இடக்கை வாசிப்பவராக இருந்தால் இடம் மாறும். பழனி சுப்பிரமணிய பிள்ளை அப்படி வாசித்தவர்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராகம் தெரியாவிட்டாலும் பாட்டின் முதல் இரண்டு சொற்களைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டால், வீட்டுக்கு வந்து தேடிக் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். பாட்டு முடிந்தபின் "இது என்ன ராகம்?" என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். இப்படிப் பழக்கமான ஒரு மயிலாப்பூர் மாமி, தான் வர முடியாத இரண்டு மாலைகளுக்குத் தன் சீசன் டிக்கெட்டை என் கையில் கொடுத்தார். நட்பை எதிர்பார்த்துத் தேட முடியாது. ஆனால் ஒரே நாற்காலிப் பக்கம் தினமும் போனால் முகங்கள் பழகிவிடும்.

மார்கழிக் காலை எழ முடிந்தால் மயிலாப்பூர் மாட வீதி பஜனைக்கு வாருங்கள். பாட்டுகள் இயற்றிய பாபநாசம் சிவன் (1890–1973) ஆண்டாண்டு காலம் பாடிக்கொண்டு நடந்த வீதி அது. இன்றும் இருள் பிரியுமுன் தம்புராவோடும் ஜால்ராவோடும் பாடிக்கொண்டு வலம் வருகிறார்கள். கூடவே நடக்கலாம், குரல் கொடுக்கலாம். ஜனவரியில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மயிலாப்பூர் திருவிழாவை ஒட்டிக் காலையில் இளம் கலைஞர்கள் மைக் இல்லாமல் பாடுகிறார்கள். குரலை அப்படியே, அருகில் உட்கார்ந்து கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அதே காலத்தில் கீர்த்தனைகள் இயற்றிய தியாகராஜரை நினைவுகூரும் ஆராதனையும் வரும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் அவருடைய ஐந்து கீர்த்தனைகள், அதுதான் பஞ்சரத்தினம். ஐந்தும் ஆதி தாளம்தான். பல கோயில்களிலும் மண்டபங்களிலும் கூட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள், தாளம் போட உங்கள் கையும் சேரும்.

சீசன் முடிந்தால் வருடம் முடிந்துவிடாது. ராமநவமியை ஒட்டி மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபத்தில் கட்டணமில்லாத கச்சேரிகள் உண்டு. நவராத்திரியில் கோயில் கொலு மண்டபங்களில் பாட்டு. ஆடியில் எங்கள் பகுதி அம்மன் கோயில்களில் மெல்லிசைக் குழுக்கள் நள்ளிரவு வரை பாடுகின்றன. நாற்காலி கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்து பாயைக் கொண்டுபோய்விடுவோம். பொங்கல் நாட்களில் அரசு நடத்தும் சென்னை சங்கமத்தில் பறையும் நையாண்டி மேளமும் பூங்காக்களுக்கே வருகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக எனக்குப் பங்குனி. கபாலீசுவரர் கோயில் பெருவிழாவில் மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி வாகனத்தில் சாமி புறப்பாடு. அப்பா வானொலியில் மட்டுமே கேட்ட நாகஸ்வரமும் தவிலும் அன்று தெருவில், பத்தடி தூரத்தில் ஒலிக்கின்றன. சாமி வெளியே வரும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி (சாமி புறப்பாட்டுக்கான நாகஸ்வர இசை) வாசிப்பார்கள். கூட்டம் சாமிக்கு முன்னால் நெருக்கும். நாகஸ்வரக்காரர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்த்து அங்கே ஒதுங்கி நில்லுங்கள். விடிவதற்கு முன்பே இடம் பிடித்துவிட வேண்டும். முதல் பேருந்துக்கு நான் நாலரை மணிக்கே வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறேன். ஒன்பதரை மணிக்குக் கடையைத் திறக்க நேரத்துக்கு வந்துவிட முடிகிறது.